பருத்தித்துறைக்குக் கொண்டுபோன இரண்டு தட்டுகள்

வெள்ளிக்கிழமைகளில் மென்பொருளின் புதிய பதிப்பு எதையும் வெளியிடுவதில்லை என்று நீங்கள் ஒரு விதி வைத்திருக்கிறீர்கள். அதை முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காலத்திலும் அப்படி ஒரு விதி இருந்தது. வெள்ளிக்கிழமையா, புதன்கிழமையா, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்பதைக் கோயில் ஐயர் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தருவார். அதை நாங்கள் மீறியதே இல்லை.

என் பிரியாவிடை நாளில் என்னைப் பேசச் சொன்னீர்கள். "எல்லாருக்கும் நன்றி" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. பத்துப் பேருக்கு முன்னால் எழுந்து நின்றால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். நான் உயர்தர வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நீங்கள் படித்துவிட்டு வந்த விடயங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் காலையில் நான் விட்ட பிழையைத்தான் சொல்லப்போகிறேன். அதிலிருந்து எடுக்கக்கூடியதை எடுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அன்றைக்கு அங்கே நின்றவர்களும் சிரித்தார்கள்.

எண்பத்தெட்டாம் ஆண்டு எனக்கு இருபத்துமூன்று வயது. யாழ்ப்பாணப் பட்டினத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், கணித ஆசிரியராக இருந்து விலகிய ஒருவர் இரண்டு கணினிகளை வைத்து மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எழுதுவார். நான் ஓட்டிப் பார்ப்பேன், தட்டில் பிரதி எடுப்பேன், கொண்டுபோய்க் கொடுப்பேன். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒஸ்ரேலியாவில் இருப்பவருக்கும் போய்ச் சேர்கிறதே, அந்தப் பொத்தானின் இடத்தில் அன்றைக்கு நான் இருந்தேன். மானிப்பாய், சுன்னாகம் என்றால் சைக்கிள். அதற்கு அப்பால் என்றால் பஸ்.

பிளொப்பித் தட்டை உங்களில் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். ஒரு பயிற்சிக் கொப்பியின் பாதி அளவில் சதுரமான கறுப்பு உறை. உள்ளே வட்டமாக ஒரு மெல்லிய தகடு. கையில் பிடித்தால் வளையும். மாஸ்டர் எனக்கு ஐந்து கட்டளைகள் தந்திருந்தார். வளைக்காதே. விரல் வைக்காதே. வெயிலில் வைக்காதே. ஈரம் படவிடாதே. காந்தத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதே. இவற்றைத் தேவாரம் போல மனப்பாடமாக வைத்திருந்தேன். மானிப்பாயில் ஒரு கடைக்காரர், தட்டைக் கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதன் நடுவில் சந்தனப் பொட்டு வைத்தார். நல்லவேளை, நான் அதைக் கடதாசி உறைக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருந்தேன். பிறகு மாஸ்டரிடம் சொன்னபோது, "ஆறாம் கட்டளையாச் சேர்த்துக்கொள்ளும்" என்றார்.

அந்த ஆண்டு கார்த்திகைக்குள் கொடுக்கவேண்டுமென்று, பருத்தித்துறையில் ஒரு டொக்டர் நடத்திவந்த சிறிய மருத்துவமனைக்கு ஒரு மென்பொருள் எழுதினோம். நோயாளிகளின் அட்டைகள் அங்கே மர இலாச்சிகளில், இழுப்பறைகளில், இருந்தன. பெயரைச் சொன்னால் அட்டை இலக்கத்தைத் தேடித் தரவேண்டும். இன்றைக்கு நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் செய்து முடித்துவிடுவீர்கள். எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. கணினி முந்தின வாரமே வான் வண்டியில் அங்கே போய்விட்டது. நிகழ்ச்சி, அதாவது புரோகிராம், இருந்த தட்டு மட்டும் மிச்சம். தொடங்குவதற்கு ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் கார்த்திகை மாதத்துக் கடைசி நாள், காலை பத்து மணி பத்து நிமிடத்திலிருந்து பதினொன்று நாற்பது வரை. அடுத்த நாள் மார்கழி. மார்கழியில் அங்கே யாரும் புதிதாக ஒன்றும் தொடங்கமாட்டார்கள். உங்களுக்கு இன்று தவறினால் நாளை. எங்களுக்கு அன்று தவறினால் தை மாதம்.

அதற்கு முதல் நாள் மாஸ்டருக்குக் காய்ச்சல். "நீர் தனியப் போவீரோ?" என்று கேட்டார். போவேன் என்றேன். வேறு என்ன சொல்வது? இரண்டு தட்டுகள் தந்தார். ஒன்று வேலைக்கு, மற்றது, அது பழுதானால் உதவிக்கு. அதோடு நிகழ்ச்சி முழுவதையும் ஏழு நீளத் தாள்களில் அச்சடித்து மடித்துத் தந்தார். "தாளை ஒருத்தரும் அழிக்கேலாது" என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் வைத்தேன். இந்த இடத்திலேயே உங்களில் சிலருக்கு என் பிழை விளங்கியிருக்கும். எனக்கு அன்று விளங்கவில்லை.

காலையில் மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மினிபஸ்ஸில் இருக்க இடமில்லை. பின்பக்கம் நின்றேன். நிலமெல்லாம் தண்ணீர், யன்னலாலும் சாரல் அடிக்கிறது. பையை மடியில் வைக்க மடியில்லை, நிலத்தில் வைக்க வழியில்லை. எனக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி இருந்தது. நனையாமல், காய்ந்து கிடந்தது. ஈரம் படவிடாதே என்ற கட்டளையை நினைத்துக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு பையை அதன் மேல் வைத்து, விழாமல் கையால் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

அது யுத்த காலம்; வழியில் ஓர் ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் பையைத் திறந்து ஒரு தட்டை எடுத்தான். அவனுக்கு ஒன்றிரண்டு சொல் தவிரத் தமிழ் தெரியாது, எனக்கு அவனுடைய மொழி தெரியாது. தட்டைக் காதுக்குக் கிட்ட வைத்துக் குலுக்கிப் பார்த்தான். "பாட்டு?" என்று கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். ஒரு வரி பாடிக் காட்டு என்பது போலக் கையைக் காட்டினான். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தேன். அவன் சிரித்துவிட்டுத் தட்டைத் திருப்பித் தந்தான். ஏறி, பையைத் திரும்பவும் அதே பெட்டியின் மேல் வைத்தேன். பருத்தித்துறைக்குப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம்.

மருத்துவமனை வாசலில் ஒரு பெண் குடையோடு நின்றார். நேசமலர் அக்கா. பத்து வருடமாக அங்கே அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். டொக்டரின் கடிதங்களையும் அவரே தட்டெழுத்துப் பொறியில் அடிப்பார். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயோ அந்தப் பெட்டிக்குச் சாப்பாடு கொண்டுவாற பிள்ளை?"

"ஓம் அக்கா."

"நல்லாத் தீத்து, வாயிலை ஊட்டு. அது எழும்பி நடக்க வெளிக்கிட, நான் வீட்டை போகவேண்டியதுதான்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மெய்யாத்தான் பிள்ளை. டொக்டற்றை மச்சாளின்ரை மகள் பட்டினத்திலை கொம்பியூட்டர் படிச்சவவாம். தை பிறக்க அவ வந்து இருப்பா. எனக்கு இனி அலுவல் இல்லையாம். வீட்டிலை அம்மா படுக்கையிலை, தங்கச்சி படிக்கிறாள். சரி, வா. நனையாதை."

அவர் குடையை என் பக்கமாகவே பிடித்துக்கொண்டு வந்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உள்ளே நிறைகுடம், குத்துவிளக்கு, மோதகத் தட்டம், எல்லாம் ஆயத்தம். கணினித் திரைக்குச் செவ்வரத்தம்பூ மாலை போட்டிருந்தார்கள். டொக்டர், ஐயர், தாதிமார், கடற்றொழிலாளர் சங்கத் தலைவர், பக்கத்துப் பள்ளிக்கூட அதிபர், வழக்கமாக மருந்தெடுக்க வந்து மழையில் அகப்பட்ட பத்துப் பேர். மாலையைக் கொஞ்சம் விலக்கி, நேரத்துக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று தட்டைப் போட்டேன். பெட்டி கரகரவென்று இரைந்தது. வாசிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. திரும்பவும் போட்டேன். அதே எழுத்து. மற்றத் தட்டைப் போட்டேன். அதற்கும் அதே எழுத்து.

பை நனையவில்லை. தட்டு வளையவில்லை. சிப்பாய் குலுக்கினான்தான், ஆனால் இரண்டாவதை அவன் தொடவே இல்லை. அப்போதுதான் பஸ்ஸில் என் கைக்குக் கீழே பாட்டின் தாளத்துக்குப் பை அதிர்ந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஒலிபெருக்கிக்குள் என்ன இருக்கும் என்று எட்டாம் வகுப்பில் படித்திருக்கிறேன். கையளவு காந்தம். ஐந்து கட்டளைகளில் நாலாவதைக் காப்பாற்றுவதற்காக ஐந்தாவதை இரண்டு மணித்தியாலம் மீறியிருக்கிறேன்.

நேசமலர் அக்கா எனக்குப் பின்னால்தான் நின்றார். குனிந்து காதுக்குள் கேட்டார். "என்ன, வேலை செய்யேல்லையோ?"

நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பயப்பிடாதை. சாவடியிலை பறிச்சுக் குலுக்கிப் பழுதாக்கிப்போட்டாங்கள் எண்டு சொல்லு. ஒருத்தரும் உன்னை ஒரு கேள்வி கேக்க மாட்டினம். தைக்குத் தள்ளி வைப்பினம். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார்.

தம்பிமார், தங்கச்சிமார், இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்தப் பார்க்கிறேன். அது மிக நல்ல காரணம். அந்தக் காலத்தில் அந்த அறையில் இருந்த எவரும் அதை நம்பியிருப்பார்கள், என்மேல் இரக்கப்பட்டும் இருப்பார்கள். பாதி உண்மையும்கூட, அவன் குலுக்கத்தானே செய்தான். சொல்லலாம் என்றுதான் டொக்டரிடம் நடந்து போனேன். போகும்போது ஒரு நினைவு வந்தது. சிப்பாயின் தலையில் போட்டால், அடுத்த முறை தட்டைச் சிப்பாய் காணாமல் ஒளித்துக் கொண்டுவருவேன். திரும்பவும் அதே பஸ்ஸில், அதே பெட்டியின் மேல். எல்லாரும் ஏற்றுக்கொள்கிற பொய்க் காரணம் ஒன்று கிடைத்துவிட்டால், உண்மையான பிழையைத் தேட ஒருவரும் போகமாட்டார்கள். இதை நான் அன்று இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. திரும்பவும் அதே பெட்டி என்பது மட்டும்தான் கண்ணுக்குள் வந்தது.

"என்ன பிள்ளை, ஆயத்தமோ?" என்றார் டொக்டர்.

"இல்லை ஐயா. தட்டு ரெண்டும் அழிஞ்சு போச்சு. பிழை என்ரை. பஸ்ஸிலை பாட்டுப் பெட்டிக்கு மேலை வைச்சுக்கொண்டு வந்திட்டன். அதுக்குள்ளை காந்தம் இருக்கு."

நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். பிறகு சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"என்ன பாட்டு, பிள்ளை, ஓடினது?"

ஒரு தாதி பொத்தென்று சிரித்தாள். அதிபரும் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. டொக்டர் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்தார். "அப்ப தைக்குத்தான்" என்றார். எனக்குப் பின்னால் நேசமலர் அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டது கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பைக்குள் தாள் இருந்தது. "ஐயா, நிகழ்ச்சி முழுக்கத் தாளிலை இருக்கு. திருப்பி அடிச்சுப் பாக்கிறன். முழுக்க முடியாது. பதியிறதும் தேடுறதும் மட்டும் அடிக்கலாம். அச்செடுக்கிறது, பட்டியல் போடுறது எல்லாம் பிறகு."

ஏழு தாளில் மூன்று. எதை விடுவது என்பதை அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் இரண்டு வாரம் இரவுபகலாக இருந்து எழுதிய அழகான பட்டியல் பகுதியை விட்டேன். அது இல்லாமலும் ஒரு நோயாளியின் அட்டையைத் தேடலாம். நீங்கள் இப்போது இதற்கு ஒரு பெரிய பெயர் வைத்து, சுவரில் வண்ணத் துண்டுகள் ஒட்டி, இரண்டு நாள் கூட்டம் வைக்கிறீர்கள். எனக்குக் கிடைத்தது அரை நிமிடம்.

"பதினொண்டு நாப்பது வரைக்கும் நேரம் கிடக்கு" என்றார் ஐயர். "நான் இருக்கிறன். மோதகமும் கிடக்கு."

அழிந்த தட்டையே துப்புரவாக்கி வெற்றுத் தட்டாக்கிக்கொண்டு, உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினேன். நான் தட்டெழுத்துப் படித்தவள் இல்லை. வலது கையில் ஒரு விரல், அவசரமென்றால் இடது கையில் ஒரு விரல். தாளைப் பார்க்க வேண்டும், எழுத்தைத் தேட வேண்டும், திரையைப் பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு வரி. நேசமலர் அக்கா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் உச்சுக்கொட்டுவது கேட்டது. ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை.

"எழும்பு" என்றார்.

"அக்கா?"

"எழும்பு எண்டுறன். உப்பிடிக் கோழி கொத்தினமாதிரிக் கொத்தினால் சித்திரைக்குத்தான் முடியும். நீ வாசி, நான் அடிக்கிறன்."

"அக்கா, இது ஓடினால் உங்களுக்கு..."

"எனக்குத் தெரியும். நீ ஆமிக்காரன்ரை தலையிலை போட்டிருந்தால் நான் வாய் திறக்காமல் நிண்டிருப்பன். உள்ளதைச் சொல்லிப்போட்டு வந்து உந்தக் கொத்துக் கொத்துறாய். பாக்கேலாமல் கிடக்கு. வாசி."

இருந்தார். முதுகை நிமிர்த்தினார். பத்து விரலும் விழுந்தன. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? தகரத்தில் மாரி மழை பெய்தது போல இருந்தது. நான் வாயை மூட முன்னமே வரி முடிந்திருந்தது. ஆனால் முதல் வரி முடிந்ததும் கணினி பிழை என்றது. இரண்டாவது வரிக்கும் பிழை. மூன்றாவதற்கும் பிழை. தாளைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்துச் சரி.

"நான் ஒண்டும் பிழையா அடிக்கேல்லை" என்றார் அக்கா, முகம் சிவந்து.

மூக்குத் திரையில் முட்டும்வரை குனிந்து பார்த்தபோதுதான் கண்டேன். பழைய தட்டெழுத்துப் பொறிகளில் ஒன்று என்ற இலக்கத்துக்குத் தனி விசை இல்லை. அதற்குப் பதிலாக ஆங்கிலச் சின்ன எழுத்தான 'எல்' (l) என்பதைத்தான் அடிப்பார்கள். பத்து வருடமாக அவருடைய விரல் அப்படித்தான் போய்ப் பழகியிருந்தது. தாளில் வாசிக்கிற மனிதருக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அது விளங்காது.

"உவருக்கு இவ்வளவு புத்திதானோ?" என்று கணினியைக் காட்டிக் கேட்டார். "கண்ணாலை பாத்தால் ஒண்டு எண்டு தெரியாதோ?"

"அவருக்குக் கண் இல்லை அக்கா."

"பாவம்" என்றார். அதற்குப் பிறகு ஒன்று வரும் இடமெல்லாம் "கண்ணில்லாதவருக்கு ஒண்டு" என்று சொல்லிக்கொண்டு மேல்வரிசை விசையைத் தேடி அடித்தார். இன்னொரு தொல்லையும் இருந்தது. வரி முடிந்ததும் அவருடைய இடது கை தானாக எழும்பி, பொறியின் உருளையைத் தள்ளப் போகும். அங்கே உருளை இல்லை, தாளோடு நான் இருந்தேன். என் தோளில் ஏழெட்டு இடி விழுந்தது. ஒவ்வொரு இடிக்கும் பின்னாலிருந்து சங்கத் தலைவர் எண்ணினார்.

பத்து வரிக்கு ஒருமுறை தட்டில் பதிந்துகொண்டே போனோம். ஒருமுறை மின்விளக்கு மங்கி மஞ்சளாகியது. ஐயர் கண்ணை மூடினார். விளக்குத் திரும்பவும் பிரகாசமாகியது. திரை போகவில்லை. அக்கா கையை எடுக்கவே இல்லை.

இரண்டாம் தாளின் நடுவில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "இது ஆளிட்டை என்னென்ன கேக்கும்?"

"பெயர், வயது, வீடு இருக்கிற ஒழுங்கை, அட்டை இலக்கம்."

"அவ்வளவோ? எங்கடை ஊரிலை அப்பப்பான்ரை பேரைத்தானே பேரனுக்கு வைக்கிறது. நாலு மகன் இருந்தால் நாலு வீட்டிலையும் ஒரு பேரன் அந்தப் பேரிலை இருப்பான். ஒரே ஒழுங்கை, ஒரே வயது. அதுக்கு என்ன செய்யும் இது?"

நேரம் பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது. "அக்கா, இப்ப ஒண்டும் புதுசாச் சேர்க்கேலாது. தாளிலை உள்ளதை மட்டும் அடிப்பம்" என்றேன். அது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். கடைசி அரை மணித்தியாலத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பவர் பிறகு அழுவார். ஆனால் சேர்க்காமல் விட்டதை மறந்துவிடுவது வேறு பிழை. அக்காவின் கேள்வியைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

பதினொன்று இருபதுக்கு முடிந்தது. ஓட்டினேன். ஓரிடத்தில் மட்டும் ஒன்றுக்குப் பதில் 'எல்' கிடந்தது. அக்கா தலையில் தட்டிக்கொண்டு மாற்றினார். திரும்ப ஓட்டினேன். திரையில் கேள்வி வந்து நின்றது. பெயர் என்ன?

ஐயர் மணி அடித்தார், டொக்டர் விளக்கேற்றினார். வெறும் நிகழ்ச்சியில் தேட ஒன்றும் இருக்காது என்பதால், அக்கா இலாச்சியிலிருந்து ஆறு அட்டைகளை எடுத்து வந்து மளமளவென்று பதிந்தார். அங்கே மழைக்கு ஒதுங்கி இருந்தவர்களில் செல்வராசா என்றொருவர் இருந்தார். வலை தைக்கிறவர். முதலில் அவரைத் தேடுவோம் என்று டொக்டரே ஒரு விரலால் அந்தப் பெயரை அடித்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். திரையில் இரண்டு வரி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

கைதட்டாதவர்கள் மூன்று பேர். டொக்டர், அக்கா, நான். இரண்டு வரியிலும் ஒரே பெயர், ஒரே வயது, ஒரே ஒழுங்கை. இலக்கம் மட்டும் வேறு.

"நேசம்," என்றார் டொக்டர் மெல்ல, "இதிலை எது ஆர்?"

அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. "முதல் இலக்கம் பழைய செல்வராசான்ரை மூத்த மகன்ரை பெடியன், ஐயா. மற்றது இளைய மகன்ரை. மற்றவருக்குத்தான் போன வருசம் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுத் தூக்கிக்கொண்டு ஓடினது. அவரின்ரை அட்டையிலை நான் சிவப்புக் கோடு கீறி வைச்சிருக்கிறன்."

செல்வராசா தான் இருந்த வாங்குப் பலகையிலிருந்து கழுத்தை நீட்டினார். "டொக்டர் ஐயா, நான் மேலையோ கீழையோ?"

சிரிப்பு ஓய வெகுநேரம் ஆயிற்று. எல்லாரும் மோதகத்துக்குத் திரும்பினார்கள். மென்பொருள் கொண்டுவந்து கொடுத்தாயிற்று, நேரத்துக்குள் ஓடியும் ஆயிற்று. நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஆறு அட்டைகளில் இரண்டு செல்வராசாக்கள் தற்செயலாக வந்தார்களா, இல்லை அக்கா வேண்டுமென்றுதான் எடுத்தாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

டொக்டருக்கு முன்னால் போய் நின்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒட்டின நாக்கோடே சொன்னேன்.

"ஐயா, இது முடிஞ்ச வேலை இல்லை. நாங்கள் மூண்டு மாசம் எழுதினனாங்கள். ஒரு நாளும் வந்து அக்காவிட்டை ஒரு கேள்வி கேக்கேல்லை. இதுக்கு முன்னாலை இருக்கிறதுக்கு அட்டை தெரிஞ்ச ஆள்தான் வேணும். கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள் இருந்தால், பிழையான செல்வராசாவைக் கெதியா எடுத்துத் தருவார். அவ்வளவுதான்."

அந்த அறையில் நான் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். அந்த வருடத்திலேயே அதுதான் என்று நினைக்கிறேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா தன் சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அப்ப தைக்கு வாற பிள்ளைக்கு நான் என்ன சொல்லுறது?" என்று டொக்டர் கேட்டார். என்னையல்ல, அக்காவை.

"வரட்டுக்கும் ஐயா" என்றார் அக்கா. "பத்து வருசத்து அட்டை கிடக்கு. நான் தனிய அடிச்சு முடிக்க நரைச்சுப் போவன். நான் சொல்லச் சொல்ல அவ அடிக்கட்டும். அவ களைக்க நான் அடிக்கிறன்."

டொக்டர் சிரித்துவிட்டார். "சரி. கதிரையிலை நீர் இரும். அவவுக்கு ஒரு ஸ்டூல் போடுவம்."

திரும்பும்போது தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, சாரதிக்குப் பக்கத்தில் இருந்து வந்தேன். மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டுப் பெட்டிக் கதைக்குச் சிரித்தார். விட்டுவிட்ட பட்டியல் பகுதிக்கு முகம் கொஞ்சம் வாடியது. செல்வராசா கதைக்கு வந்ததும், காய்ச்சலோடு எழும்பி இருந்து, "அப்ப நான் எழுதினது என்னத்தை?" என்று தன்னைத்தானே கேட்டார். அடுத்த வாரம் இரண்டு பேரும் பருத்தித்துறைக்குப் போனோம். ஒரு தட்டு அவருடைய பையில், ஒரு தட்டு என்னுடைய பையில். அன்று முழுக்க அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, அவர் அட்டை எடுப்பதைப் பார்த்தோம். ஆட்களுக்கு அவர் வைத்திருந்த அடையாளங்கள் எதுவும் எங்களுக்கு மனதில் வந்திருக்காது. ஆருடைய மகன், எந்தப் படகு, எந்த ஊசி ஒத்துவராது, ஆருக்கு வாசிக்கத் தெரியாது, ஆருக்கு உரத்துச் சொல்லவேண்டும். அவ்வளவுக்கும் இடம் வைத்து மாஸ்டர் திரும்ப எழுதினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறேன். தட்டு சின்னதாகியது, பளபளக்கும் வட்டத் தகடாகியது, பிறகு கம்பியாலே போனது, இப்போது கம்பியும் இல்லை. கொண்டுபோகிற ஆளே தேவையில்லை என்றபோது எனக்கு வருத்தம் வரவில்லை. மழையில் இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் நின்றவளுக்கு ஏன் வருத்தம் வரும்? மிகவும் நல்ல விடயம். ஒரேயொன்றை மட்டும் நீங்கள் தேடிப் போகவேண்டியிருக்கிறது. அது எங்களுக்குத் தானாகக் கிடைத்தது. நாங்கள் எழுதியதை முதன்முதலில் ஓட்டுகிற மனிதரின் முகத்தை, வேண்டாமென்றாலும் பார்த்தேயாக வேண்டியிருந்தது. மாதத்தில் ஒரு நாளாவது, உங்கள் மென்பொருள் ஓடுகிற இடத்துக்குப் போய், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

மாசியில் மூன்றாம் முறை தனியாகப் போனேன். நேசமலர் அக்கா கதிரையில் இருந்தார். ஸ்டூலில், தைக்கு வந்த அந்தப் பிள்ளை இருந்து அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஏதோ பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அக்கா எழும்பவில்லை. இலாச்சியைத் திறந்து, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய ஒரு முழுத் தாளை எடுத்து என் கையில் தந்தார்.

"வா பிள்ளை, இரு. இவ்வளவும் உந்தப் பெட்டியிலை பிழை. தேத்தண்ணி குடிச்சுப்போட்டுத் துவங்குவம்."